கிணற்றுத் தண்ணீரின் பழைய கணக்கு

ஞாயிறு மாலை உரையில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கதைத்தபோது நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. மிச்சத்தையும் எழுதித் தரும்படி பலர் தொலைபேசியில் கேட்டீர்கள். வானொலியில் சொல்லாமல் விட்ட சில இலக்கங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். காதால் கேட்கும்போது இலக்கங்கள் தலைக்குள் நிற்காது. தாளில் பார்த்தால் நிற்கும் என்பது என் தொழில் அனுபவம்.

ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் நிலையத்தில் இறங்கி சோஹோப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் புறோட்விக் வீதி வரும். அங்கே ஜோன் ஸ்னோ என்ற பெயரில் ஒரு மதுச்சாலை இருக்கிறது. வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாத ஒரு வைத்தியரின் பெயரை மதுச்சாலைக்கு வைத்த ஊர் இது! அதற்கு அருகே வீதியோரத்தில் கைபிடி இல்லாத ஒரு தண்ணீர்ப் பம்பு நிற்கும். நினைவுக்காகச் செய்து வைத்த மாதிரி அது. உண்மையான பம்பு நின்ற காலத்தில் அந்த வீதிக்குப் பெயர் புறோட் வீதி.

1854 ஓகஸ்ட் 31 ஆம் திகதி இரவு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். முடிவில் தொகை அறுநூறைத் தாண்டியது. கெட்ட நாற்றமுள்ள காற்றுத்தான் கொலராவைக் கொண்டுவருகிறது என்று அன்றைய பெரிய வைத்தியர்கள் அநேகர் நம்பினார்கள். தண்ணீரில்தான் அது வருகிறது என்று ஸ்னோ ஐந்து வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பார் குறைவு.

ஸ்னோ செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தப் பம்புத் தண்ணீரை எடுத்துப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வேலையாகப் பதிவாளர் நாயகம் அலுவலகத்துக்குப் போனார். அங்கே வில்லியம் ஃபார் என்பவர் இலண்டனில் நடந்த ஒவ்வொரு மரணத்தையும் வயது, முகவரி, காரணம் என்று வாரம் தவறாமல் தொகுத்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து 83 மரணங்களின் விபரத்தை வாங்கி, ஒவ்வொரு முகவரியாகப் போய் ஸ்னோ விசாரித்தார். கிட்டத்தட்ட எல்லா மரணங்களும் அந்தப் பம்பைச் சுற்றியே நடந்திருந்தன. செப்டெம்பர் 8 ஆம் திகதி பம்பின் கைபிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். கைபிடியைக் கழற்றியதும் கொலரா நின்றுவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கதையை விட, தன் வாதத்துக்குச் சாதகமில்லாத இலக்கத்தையும் மறைக்காமல் எழுதிய அந்த மனிதர்தான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

அந்த விசாரணையில் அகப்பட்ட ஒரு மரணத்தை நான் மறப்பதில்லை. சோஹோவிலிருந்து சில மைல் தள்ளி, மேட்டில் இருக்கிற ஹம்ஸ்ரெட்டில் ஒரு விதவைத் தாய் இருந்தார். அங்கே கொலராவே இல்லை. முன்பு புறோட் வீதியில் வாழ்ந்தவர். அந்தப் பம்புத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால், இடம் மாறிய பிறகும் அங்கிருந்து போத்தலில் நிரப்பி வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். செப்டெம்பர் 2 ஆம் திகதி அவர் இறந்தார். அதே தண்ணீரைக் குடித்த இஸ்லிங்ரன் மருமகளும் இறந்தார்.

இதை வானொலியில் சொல்லி முடிக்கவில்லை, தொலைபேசி மணி அடித்தது. ஈஸ்ற்ஹாமிலிருந்து ஓர் அக்கா. "தம்பி, நீங்கள் என்ன சொன்னாலும் எங்கட கொக்குவில் கிணத்துத் தண்ணியை அடிக்க ஒரு தண்ணி இல்லை. போன முறை போய் வரேக்குள்ள ரெண்டு போத்தல் கொண்டுவந்தனான்" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் சும்மா விட்டுவிடக்கூடிய கதையும் இல்லை. நாங்கள் எல்லோருமே அந்த ஹம்ஸ்ரெட் அம்மாவின் உறவினர்தான். ஊரை விட்டு முப்பது, நாற்பது வருடமானாலும் கிணற்றின் சுவை நாக்கில் நிற்கிறது. சுவையும் தெளிவும் நல்ல தண்ணீருக்கு அடையாளம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். புறோட் வீதிக்காரரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

அந்தப் பம்பின் உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்னோ அல்ல. அந்தப் பகுதி இளம் பாதிரியார் ஹென்றி வைற்ஹெட். ஸ்னோவின் கருத்தைப் பொய்யென்று காட்டத்தான் அவர் வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோவின் பக்கம் வந்து சேர்ந்தார். 1855 இல் மரணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பம்புக்கு நேர் அருகே 40 ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தால் இறந்த பதிவு அவர் கண்ணில் பட்டது. நோய் கண்ட திகதி பெரிய வெடிப்புக்குச் சற்று முன். தாயைப் போய்க் கேட்டார். குழந்தையின் துணிகளைக் கழுவிய தண்ணீரில் ஒரு பகுதியை வீட்டு முன்பக்கத்து மலக்குழியில் ஊற்றியதாகத் தாய் சொன்னார். தோண்டிப் பார்த்தார்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் மூன்று அடிக்கும் குறைவு. குழியின் செங்கல் கட்டு உக்கி, கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

தண்ணீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்குத் தெரியாதது பதிவேட்டைப் பார்த்தவருக்குத் தெரிந்தது. கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் ஆட்கள் செத்த பிறகு பதிவேட்டைப் பார்ப்பதால் செத்தவருக்கு என்ன பயன்? சாவதற்கு முன்பே தண்ணீரைப் பார்த்துச் சொல்ல வழி வேண்டும். அந்த வழியைத் தேடிய இரசாயனவியலாளர் எட்வேர்ட் பிராங்லன்ட். 1865 முதல் அதே பதிவாளர் நாயகத்துக்காக இலண்டன் தண்ணீர்க் கம்பனிகளின் நீரை மாதாமாதம் பரிசோதித்து அறிக்கை எழுதியவர் அவர். அடுத்த வருடமே இலண்டனின் கிழக்குப் பகுதியில் மீண்டும் கொலரா வந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. இன்று எங்கள் ஆட்கள் பலர் குடியிருக்கிற பகுதிகளுக்கு அருகேதான்.

பிராங்லன்ட் புதிதாக ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'முன்னைய கழிவு மாசு' என்று சொல்லலாம். மனிதக் கழிவில் நைதரசன் நிறைய உண்டு. கழிவு மண்ணுக்குள் இறங்கும்போது அந்த நைதரசன் மெல்ல மெல்ல நைத்திரேற்றாக மாறுகிறது. நாற்றம் போய்விடும், நிறம் போய்விடும், சுவையும் கெடாது. நைத்திரேற்று மட்டும் தண்ணீரில் கரைந்து நிற்கும். இலண்டன் சாக்கடை நீரில் ஓர் இலட்சம் பங்குக்குப் பத்துப் பங்கு நைதரசன் என்று அவர் சராசரி வைத்துக்கொண்டார். ஒரு கிணற்று நீரில் ஓர் இலட்சம் பங்குக்கு ஒரு பங்கு நைதரசன் அந்த வடிவங்களில் இருந்தால், மழைநீரில் இயல்பாக உள்ள சிறு அளவைக் கழித்துவிட்டு, அந்த நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்னொரு காலத்தில் சாக்கடையாக இருந்தது என்று எழுதிவிடுவார்.

வர்த்தகம் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பேரேட்டில் நாங்கள் எழுதுகிற 'முற்கொணர்ந்த மீதி'தான் இது. இன்றைக்குத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இந்தத் தண்ணீர் எந்த வழியால் வந்தது என்பதைச் சொல்லும். இன்றைக்கு மண் சுத்தமாக்கி அனுப்பியிருக்கிறது, நாளைக்கு ஒரு பெரு மழையில் சுத்தமாக்காமலும் அனுப்பலாம் என்பது பிராங்லன்டின் வாதம். தண்ணீர்க் கம்பனிகளுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவே இல்லை. பழைய பாவத்தை இன்றைய தண்ணீரின் தலையில் கட்டுகிறார் என்றார்கள். வாங்க்ளின் என்ற இரசாயனவியலாளர் வேறொரு முறையைக் கொண்டுவந்து நேரடியாகவே மோதினார். நைத்திரேற்று கழிவிலிருந்துதான் வர வேண்டும் என்று என்ன கட்டாயம், எருப் போட்ட வயலிலிருந்தும் வரலாமே என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் அது திரும்பவும் வருகிறது.

பிராங்லன்ட் அங்கம் வகித்த ஆற்று மாசு ஆணைக்குழு 1874 இல் குடிநீர் வகைகளைத் தரம் பிரித்தது. ஆழமற்ற கிணற்று நீரை, சாக்கடை கலந்த ஆற்று நீரோடு சேர்த்து 'ஆபத்தானது' என்ற வகுப்பில் போட்டார்கள். எங்கள் ஊர்க் கிணறுகளில் அநேகமானவை அவர்களுடைய அளவில் ஆழமற்ற கிணறுகள்தான்.

பிறகு பற்றீரியாக் காலம் வந்தது. ரொபேர்ட் கொக் 1884 இல் கல்கத்தாவில் மக்கள் குளித்து, துவைத்து, குடித்து வந்த ஒரு குளத்து நீரிலேயே கொலராக் கிருமியைக் கண்டார். அடுத்த வருடம் ஜேர்மனியில் எஷெரிச் என்ற குழந்தை வைத்தியர் குழந்தைகளின் குடலில் வாழும் ஒரு பற்றீரியாவை விபரித்தார். அதைத்தான் இன்று ஈ.கோலை என்கிறோம். ஒவ்வொரு நோய்க் கிருமியாகத் தேடுவது கடினம்; குடலில் எப்போதும் கோடிக்கணக்கில் இருக்கிற இந்த ஒன்றைத் தண்ணீரில் தேடினால் போதும், அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எளிமையான, கெட்டிக்காரத்தனமான யோசனை. 1905 இல் இலண்டன் நீர்ச் சபையின் முதலாவது நீர்ப் பரிசோதனைப் பணிப்பாளரான அலெக்சாண்டர் ஹூஸ்ரன் இதை நாளாந்தக் கணக்காகவே நடத்தினார்.

இந்த முறை பிரித்தானியாவின் குளிர் தண்ணீரில் பழகிய முறை. வெப்ப நாட்டுக்குக் கொண்டுபோனபோது சிக்கல் வந்தது. இந்திய மருத்துவ சேவையில் இருந்த கிளெமேஷா என்ற வைத்தியர் 1912 இல் வெப்ப நாட்டு மேற்பரப்பு நீரின் பற்றீரியா பற்றி ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் அளவுகோலை இந்தியாவின் குளத்துக்கும் ஆற்றுக்கும் அப்படியே வைத்தால் பிழையான தீர்ப்பே கிடைக்கும் என்பது அவர் வாதம். பல பத்தாண்டுகள் கழித்து ஹவாயில் பூஜியோக்கா என்ற ஆய்வாளர் குழுவினர் அதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டினார்கள். சூடான ஈர மண்ணில் இந்தப் பற்றீரியாக்கள் குடலை விட்டு வெளியே வந்த பிறகும் தங்கி வாழக்கூடியவை. எனவே கோலிபோம் இருக்கிறது என்பதால் மட்டும் மலம் கலந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. மறுபக்கம், கடும் வெயில் படும் நீரில் அவை சீக்கிரமே செத்துவிடும். அப்போது இல்லை என்பதால் மட்டும் கலக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். குடிக்கிற, குளிக்கிற, தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர் எல்லாம் மாரி மழை தந்ததுதான். அந்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அதிசயம். அந்த ஒரு கிணற்றில் கண்ணுக்குத் தெரிவதுதான் குடாநாட்டின் பெரும்பகுதிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

சுண்ணாம்புக் கல் மணலைப் போல அல்ல. அதற்குள் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு. மணலுக்குள் மெல்ல ஊர்ந்து வடிகட்டப்படுகிற கழிவு, கல்லின் வெடிப்புக்குள் வாய்க்காலில் ஓடுவது போல ஓடிவிடும். மேலே இருக்கிற செம்பாட்டு மண் பல இடங்களில் மெல்லிய போர்வைதான். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்று எங்களூர்ச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். மண்ணுக்கு அது சரியான பாதுகாப்பாக இருக்கலாம். வெடித்த கல்லுக்கு 50 அடி என்பது வெறும் இலக்கம்.

அந்த 50 அடியையும் நாங்கள் அளந்த விதம் வேறு. என் பெற்றோரின் வளவில் கிணறு முன்பக்க மூலையில், மலசலகூடம் கோடிப் பக்கத்தில். சரியாகத்தான் கட்டினார்கள். ஆனால் பக்கத்து வளவின் கோடி எங்கள் முன்பக்கத்தோடு முட்டுகிறது. எங்கள் குழியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு எல்லோரும் அளந்தார்கள். மதிலுக்கு அங்காலே இருந்த குழியை ஒருவரும் அளக்கவில்லை. 'இறைத்த கிணறு ஊறும்' என்பது பழமொழி. எங்கேயிருந்து ஊறும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

ஒரு காலத்தில் யாழ் நகரில் வாளிக் கக்கூசுகள் இருந்தன. மாநகர சபைத் தொழிலாளர்கள் விடியற்காலையில் வந்து வாளியை எடுத்துப் போவார்கள். நீரடைப்பு மலசலகூடமும் குழியும் வந்தபோது அதை முன்னேற்றம் என்று கொண்டாடினோம். மனித மாண்பைப் பொறுத்தவரை அது முன்னேற்றம்தான். அந்த வேலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டிவிட்டு, அதே மக்களைக் கிணற்றடிக்கு அண்ட விடாமல் வைத்திருந்த ஊர் எங்களுடையது. ஆனால் தண்ணீரின் கணக்கில் வேறொன்று நடந்தது. ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த கழிவு, அன்றிலிருந்து ஒவ்வொரு வளவிலும் கல்லுக்குள் இறங்கத் தொடங்கியது. இலண்டன் தன் மலக்குழிகளை மூடி, 1858 இல் தேம்ஸ் நாறிய பிறகு பசல்கெற்றைக் கொண்டு நிலக்கீழ்ச் சாக்கடை கட்டிக்கொண்டது. யாழ்ப்பாணம் மலக்குழிக் காலத்துக்குள் அப்போதுதான் நுழைந்தது. நகரம் முழுவதற்குமான சாக்கடை வலையமைப்பு வந்து சேரவேயில்லை.

யாழ்ப்பாணத் தண்ணீர் பற்றி எங்களுடைய பெரிய பேச்செல்லாம் அளவைப் பற்றியதாகவே இருந்தது. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், இரணைமடு வாதம், 2024 இல் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கான விடைகள். எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வியைச் சில விஞ்ஞானிகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1983 இல் மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டுக் கிணற்று நீரிலும் மண்ணிலும் உள்ள நைத்திரேற்றை அளந்து வெளியிட்டார்கள். அதே வருடம் குணசேகரம் நிலத்தடி நீர் மாசு பற்றிக் கண்டியில் நடந்த கருத்தரங்கில் சொன்னார். 1988 இல் நாகராஜா குழுவினர் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளைப் பற்றி எழுதினார்கள். 2002 இல் வலிகாம நிலத்தடி நீர் பற்றி இராஜசூரியர் குழுவினர் எழுதிய கட்டுரையை இங்கே இலண்டனிலுள்ள புவிச்சரிதவியற் சங்கமே வெளியிட்டது. திரும்பத் திரும்ப வந்த முடிவு ஒன்று: பல கிணறுகளில் நைத்திரேற்று அனுமதித்த அளவுக்கு மேல்.

பிராங்லன்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைதரசனாக மாற்றினால் ஏறக்குறைய 11.3 மில்லிகிராம். அவருடைய அலகில் ஓர் இலட்சத்துக்கு 1.13 பங்கு. அந்த எல்லையைத் தொடுகிற தண்ணீரையே, ஒன்பதில் ஒரு பங்கு முன்னாள் சாக்கடை என்று பிராங்லன்ட் எழுதியிருப்பார். அந்த எல்லையைத் தாண்டிய எங்கள் கிணறுகளைப் பற்றி என்ன எழுதியிருப்பாரோ!

ஆனால் அப்படி எழுதினால் அது நியாயமான கணக்காய்வு ஆகாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் எங்கள் கமக்காரர் போட்ட யூரியாவும் எருவும் அதே நைத்திரேற்றாகத்தான் கீழே இறங்குகிறது. தோட்டக் கிணறுகளில் அளவு கூடுதலாக இருந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழியையும் சேர்க்க வேண்டும். இரண்டு கடன்காரர் ஒரே பெயரில் கையெழுத்துப் போட்டால் யாரிடம் வசூலிப்பது? விவசாயி குழியைக் காட்டுவார், வீட்டுக்காரர் தோட்டத்தைக் காட்டுவார்.

இதற்கிடையில் எங்கள் வாழ்க்கை குலைந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்ததை இதை வாசிக்கிற பலர் உங்கள் கால்களால் அறிவீர்கள். ஒரு வீட்டுக்கு வெட்டிய கிணற்றை நாற்பது, ஐம்பது குடும்பங்கள் இறைத்தன. பாடசாலை வளவுகளில் அவசரமாகக் குழிகள் வெட்டப்பட்டன. அந்த மாரியில் வயிற்றோட்டம் வராத குடும்பத்தை நான் சந்தித்ததில்லை. பொருளாதாரத் தடையில் யூரியாவும் இருந்ததால் தோட்டக் கணக்கு அந்த வருடங்களில் குறைந்திருக்க வேண்டும். குழிக் கணக்கு கூடியிருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க இப்போது வழிகள் உண்டு. குடலில் உள்ள பற்றீரியாக்கள் கொலஸ்ரரோலை கொப்றொஸ்ரனோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. அது மண்ணில் தானாக வளராது, யூரியாவில் கிடையாது. ஜப்பானியப் பேராசிரியர் தக்காடாவின் குழுவினர் மலேசியாவிலும் வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலும் அதை அளந்து, 2004 இல் ரோக்கியோ நீரோடு ஒப்பிட்டு எழுதினார்கள். அந்தப் பொருளுக்கும் பற்றீரியா எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு வெப்ப நாட்டில் ஒரு விதம், குளிர் நாட்டில் இன்னொரு விதம். கிளெமேஷா 1912 இல் சொன்னதற்குத் தொண்ணூறு வருடம் கழித்துக் கிடைத்த சாட்சி. இன்னும் எளிமையான சாட்சிகளும் உண்டு. கஃபீன் ஒன்று. மாடும் ஆடும் தேத்தண்ணி குடிப்பதில்லை. கிணற்றில் கஃபீன் இருந்தால் அது யாரோ ஒருவர் குடித்த பிளேன்ரீதான். 2009 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் அசெசல்பேம் என்ற செயற்கை இனிப்பை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். உடலுக்குள் உடையாமல் அப்படியே வெளியேறி, நிலத்தடி நீரிலும் தாக்குப்பிடிக்கும் பொருள் அது. நீரிழிவுக்காரர் நிறைந்த எங்கள் சமூகத்தில் இந்தச் சாட்சிக்குப் பஞ்சம் இருக்காது!

கண்ணுக்குத் தெரிந்தால் நாங்கள் போராடத் தயங்குவதில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் ஒரு மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நைத்திரேற்று மிதக்காது. ஈ.கோலை மணக்காது. கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று அம்மாமார் சொல்வதும் பாதி உண்மைதான். கொதிநீரில் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் இன்னும் கொஞ்சம் செறிவாகும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாரித்ததை 1945 இலேயே எழுதிவைத்தார். கோடை விடுமுறைக்கு மூன்று மாதக் குழந்தையைக் கொண்டு ஊருக்குப் போகிற பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். பால்மாவுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எவ்வளவு கொதித்தாலும்.

இலண்டன் மட்டும் பெரிய சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பசல்கெற்றின் சாக்கடை மழைக்காலத்தில் இன்னும் நிரம்பி வழிகிறது. அதற்காக 25 கிலோமீற்றர் நீளத்தில் கட்டிய தேம்ஸ் சுரங்கம் 2025 பெப்ரவரியில்தான் முழுதாக இணைக்கப்பட்டது. இங்கிலாந்து முழுவதும் 2023 இல் ஆறுகளிலும் கடலிலும் மழைக்காலக் கழிவு வழிந்த நேரம் 36 இலட்சம் மணித்தியாலம். அந்த இலக்கம் எங்கள் கைக்கு வந்ததே, வழியும் வாய்கள் எல்லாவற்றிலும் கருவி பூட்டியதால்தான். அந்தக் கருவி எவ்வளவு நேரம் வழிந்தது என்று சொல்லும். எத்தனை கிருமி என்று சொல்லாது. அரைக் கணக்குத்தான். ஆனால் அந்த அரைக் கணக்கை வைத்துக்கொண்டு மக்கள் கம்பனிகளைக் கேள்வி கேட்கிறார்கள்.

ஈஸ்ற்ஹாம் அக்காவுக்கு வருவோம். அவர் தம்பி ஊரில் இருக்கிறார். பழைய வளவை இரண்டாகப் பிரித்து, இணைந்த குளியலறைகளோடு புது வீடு ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார். காசு இங்கேயிருந்து போனது. ஒரு முறை மட்டும் பரிசோதித்தால் போதாது, கோடையில் ஒன்று, மாரி மழைக்குப் பிறகு ஒன்று, சுத்தமான போத்தலில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள் என்று சொன்னேன். செப்டெம்பரில் கொடுத்த தண்ணீரில் ஈ.கோலை இல்லை. அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்து, "பார்த்தீங்களே" என்றார். டிசெம்பர் மழைக்குப் பிறகு கொடுத்ததில் இருந்தது. நைத்திரேற்று இரண்டு முறையும் எல்லைக்கு மேல். தம்பி நாடாவைப் பிடித்து அளந்தாராம். தங்கள் குழி கிணற்றிலிருந்து 54 அடி. மதிலுக்கு மேலால் நாடாவைப் போட்டு அளந்ததில் பக்கத்து வீட்டுக் குழி 22 அடி. அவர்களுடைய கிணற்றுக்குத் தம்பியின் புதுக் குளியலறைக் குழி 19 அடி. இப்போது இரண்டு வீட்டாரும் யார் குழியை முதலில் இடம் மாற்றுவது, அந்தச் செலவை எப்படிப் பிரிப்பது என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பங்குக் கணக்கைப் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு குழிகளின் மதிப்பீடும் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.